கடிகார வட்டத்தில் ஒரு விடை

1990களில் இணையம் பரவியபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே பக்கத்தை லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஒற்றைக் கணினி திணறும். ஆகவே அடிக்கடி கேட்கப்படும் தகவல்களின் நகல்களைப் பல கணினிகளில் பிரித்து வைத்தார்கள். ‘கேஷ்’ என்பது இதுதான். பிரித்து வைப்பது சுலபம். எது எந்தக் கணினியில் இருக்கிறது என்று உடனே கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

நாம் பள்ளியில் படித்த வகுத்தல் கணக்குதான் முதலில் கைகொடுத்தது. தகவலின் பெயரை, அதாவது ‘கீ’யை, ஓர் எண்ணாக்கி, கணினிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 27 என்ற எண்ணை 4 கணினிகளுக்கு வகுத்தால் மீதி 3. நேராக 3ஆம் எண் கணினிக்குப் போகலாம். யாரையும் விசாரிக்க வேண்டாம். ஆனால் ஐந்தாவதாக ஒரு கணினியைச் சேர்த்தால் மீதி 2 ஆகிவிடும். இப்படி நூற்றுக்கு 80 தகவல்கள் இடம் மாறும்.

1997இல் எம்.ஐ.டி.யின் டேவிட் கார்கர், டாம் லெய்ட்டன், மாணவர் டேனி லெவின் உள்ளிட்ட ஆறு பேர் இதற்கு வழி சொன்னார்கள். ஒரு கடிகார வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 3, 6, 9, 12 மணிகளில் கணினிகள் நிற்கின்றன. ஒவ்வொரு கீயும் கணக்குப்படி ஒரு நேரத்தில் விழும். முள் போகும் திசையில் அடுத்து வரும் கணினியே அதன் வீடு. 6 மணிக் கணினி பழுதானால், 3க்கும் 6க்கும் இடைப்பட்டவை மட்டும் 9க்குப் போகும். மற்றவை அசையாது. ‘கன்சிஸ்டென்ட் ஹாஷிங்’ என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே லெய்ட்டனும் லெவினும் ஆகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், லைவ்ஜர்னல் தளத்துக்காக, தகவல்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைக்கும் ‘மெம்கேஷ்ட்’ மென்பொருளை எழுதினார். அதில் ஒரு கணினிக்கு மற்றொன்றைத் தெரியாது. கேட்பவரே கணக்குப் போட்டுச் சரியான கணினியிடம் போக வேண்டும். 2007இல் லாஸ்ட்.எஃப்எம் பொறியாளர்கள் அந்தக் கடிகார வட்டத்தை இங்கும் கொண்டுவந்தார்கள்.

லெவின் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் அவர் இருந்தார். வயது 31. அன்று செய்தித் தளங்களை உலகமே மொய்த்தது. அவற்றில் சிலவற்றைத் தாங்கி நின்றது அவர் தொடங்கிய ஆகமாயின் கணினிகள்தான்.

ஒருவர் போனாலும் மற்றவர் இடம் குலையக் கூடாது என்பதே அவர்கள் போட்ட கணக்கு. அதை யோசித்தவர்களில் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் போனதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.