அனாதீனம்

எங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே, உடைமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில், அனாதீனம் என்று எழுதியிருக்கிறது. 2 ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம். செங்கற்பட்டுப் பக்கம், ஏரிக்கு மேல்புறத்தில், கல்லாங்குத்தும் பனையுமாக இருக்கும் மேடு. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பிவிட்டுப் போனில் சொன்னார்: "பழைய பத்திரத்துல நாலெல்லைக்குள்ள அது வருதுடா. மனு போட்டா நமக்கு வந்துடும். நீயும் பங்காளி, ஒரு கையெழுத்து வேணும்."

கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல்லில் கொஞ்ச நாள் நின்றேன். ஊரில் இதை அநாதை என்பதோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள்; தாய் தகப்பன் இல்லாத நிலம். வேர் வேறு. ஆதீனம் என்றால் ஒருவருக்கு உட்பட்டது, ஒருவர் வசத்தில் இருப்பது. சைவ மடங்களுக்கு அந்தப் பெயர் உண்டு. காவிரிப் படுகையில் அவை பெரிய நிலவுடைமைகளும்கூட. அனாதீனம், யாருக்கும் உட்படாதது. ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னால் அது சுதந்திரம். நிலத்தைப் பற்றிச் சொன்னால் நிரப்பவேண்டிய காலியிடம்.

நம் எழுத்துக்காரர்களுக்குக் காலி நிலத்தின் மேல் ஒரு மோகம் உண்டு. 1922-இல் எலியட்டின் கவிதை வந்த பிறகு, பாழ்நிலம் என்பது நமக்கு ஒரு மனநிலையின் பெயராகவே ஆகிவிட்டது. வருவாய்த் துறைக்கு அது ஒரு பத்தி, ஒரு கலம். அந்தக் கலம் எப்படி உண்டாயிற்று என்பது நம் கவிதைகளுக்குத் தெரியாது. எனக்கும் அண்ணனின் கடிதம் வரும்வரை தெரியாது. பிறகு படித்ததிலிருந்து எனக்குப் பட்டது இது: யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று ஒன்று தானாகக் கிடப்பதில்லை. யாரோ ஒருவரை ஏட்டிலிருந்து எடுத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் நுணுக்கமானவை. ஊரின் மொத்த நிலத்தையும் அளந்து சொல்லிவிட்டு, ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மீதிக்கு இத்தனை கலம் நெல் என்று கணக்கு வைக்கின்றன. கழித்தவை இறையிலி. வரி இல்லை என்பதுதான் பொருள். ஆள் இல்லை என்பதல்ல. சேரி அந்தப் பட்டியலில் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழிக்கப்பட்ட நிலத்துக்கும் அங்கே பெயர் இருந்தது, அதை இன்னின்னார் இன்னின்னதற்கு வைத்திருந்தார்கள் என்பது தெரிந்திருந்தது. பிற்காலத்துப் புறம்போக்கு என்ற சொல்லும் இதே கணக்கில் வருவதுதான்: தீர்வைக்குப் புறம்பாகப் போனது. சர்க்காருக்குச் சொந்தமானது என்ற அர்த்தம் அதில் பின்னால் வந்து ஏறியது.

ஆற்காட்டு நவாப் 1763-இல் செங்கற்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற எஞ்சினியர் அதன் சுமார் 2000 ஊர்களை அளந்தார். மலை, காடு, ஏரி, ஆறு, நத்தம், தோப்பு, மானியம், நஞ்சை, புஞ்சை என்று ஊர் ஊராகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது. வாங்கியவன் வாங்கிய சொத்தை எண்ணிப் பார்த்த முதல் தடவை. எண்ணியபோது கேள்வியும் வந்தது: விளையும் நிலத்துக்கு வாரம் இருக்கிறது, விளையாத நிலம் யாருடையது?

இந்தக் கேள்விக்கு மிக விரிவாகப் பதில் எழுதியவர் நாம் வேறு காரணத்துக்காகக் கொண்டாடும் ஒருவர். குறளை மொழிபெயர்த்தவர், கிணறு தோண்டிக் கல்வெட்டு வைத்தவர், எல்லீசன் என்று தமிழில் எழுதப்பட்டவர்: பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டராக இருந்தபோது மிராசு பாத்தியதை பற்றி அரசாங்கம் கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் 1818-இல் அச்சாயின. அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் பங்கும் அதில் உண்டு. மிராசு என்பது அரபுச் சொல், பரம்பரைச் சொத்து என்று பொருள். அதற்கு முன் தமிழில் இருந்தது காணியாட்சி. ஊர் பங்குகளாகப் பிரிந்திருக்கும். பங்குக்காரர்களுக்கு உழுத நிலத்தில் மட்டுமல்ல, உழாததிலும் உரிமை உண்டு. வெளியாள் தரிசைத் திருத்தினால் துண்டுவாரம் என்று ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கிரயப் பத்திரங்கள் இதை அஷ்டபோகம் என்று வரிசை சொல்கின்றன: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். புதையல், நீர், கல், இப்போது இருப்பது, இனிமேல் வரக்கூடியது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் குடும்பப் பத்திரத்திலும் இதே வரிசை இருக்கிறது. சிறுவயதில் அதை மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொண்டைமண்டலத்தில் ஒரு கதை. இது காடாக இருந்தது, ஆடு மேய்க்கும் குறும்பர்கள் இருந்தார்கள். ஆதொண்டைச் சக்கரவர்த்தி புழலில் அவர்களை அழித்து, காட்டை வெட்டி, குடிகளைக் கொண்டுவந்து ஊர்களில் வைத்தான். மிராசுதார்கள் தங்கள் பாத்தியதைக்கு மூலமாக நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்த கதை இதுதான். கதை வாஸ்தவமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் உரிமையை நிரூபிக்கிற கதையே தனக்கு முன் வேறொருவன் இருந்தான் என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. காடு காலியாக இருக்கவில்லை, காலியாக்கப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டு முழுக்க மிராசுதாருக்கும் சர்க்காருக்கும் தரிசைப் பற்றிய இழுபறி. இரண்டு கட்சியும் பேசாத மூன்றாவது கட்சி ஒன்று இருந்தது. ஏரி மண்ணை வெட்டியவர்கள், கல்லைப் பொறுக்கிக் கரம்பை உழுதவர்கள், இருக்கும் வீட்டுமனைகூட மிராசுதார் தயவில் இருந்தவர்கள். தரிசு வேண்டுமென்று எவரும் தரக்காஸ்து மனு போடலாம் என்பது விதி. ஆனால் மனு வந்தால் முதல் உரிமை மிராசுதாருக்கு. சேரியிலிருந்து ஒருவன் மனு போட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் எனக்கு வேண்டும் என்பார். நிலம் மறுபடி தரிசாகவே கிடக்கலாம். சேரியிலிருப்பவன் கையில் போகக் கூடாது, அவ்வளவுதான். நிலம் கிடைத்துவிட்டால் நாளைக்குக் களத்துக்கு ஆள் வராது.

இதை அப்பட்டமாக எழுதியவர் 1891-இல் செங்கற்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர். அவருடைய குறிப்பு ஜில்லாவின் பறையர்களைப் பற்றியது. மனையும் நிலமும் அவர்கள் பெயரில் இருந்தாலொழிய வேறு எந்தச் சீர்திருத்தமும் நிற்காது என்பது அதன் சாரம். வருவாய் வாரியத்துக்கு அது உவப்பாக இல்லை. இருந்தும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்வதன் தொடக்கமாக அவற்றைத்தான் காட்டுகிறார்கள். பின்னால் ஏற்பட்ட ஒப்படை நிபந்தனைப்படி 10 வருடம் அந்த நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். நிபந்தனை ஏட்டில் இருக்க, நிலம் கை மாறிய கதையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அரசாணைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் 102 வருடங்கள்.

மிராசுதார்-சர்க்கார் இழுபறியைச் சட்டமாக முடித்தது 1905-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம், நில ஆக்கிரமிப்புச் சட்டம். இன்றும் அமலில் உள்ளது. இன்னார் சொத்து என்று காட்டப்படாத நிலம் எல்லாம் அரசாங்கத்தின் சொத்து என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. இதில் பெரிய மாற்றம் உரிமையில் நடக்கவில்லை, நிரூபிக்கும் பொறுப்பில் நடந்தது. நிலம் என்னுடையது என்று சர்க்கார் காட்ட வேண்டாம். உன்னுடையது என்று நீ காட்ட வேண்டும். காடு வெட்டித் திருத்தியவனுக்கே வயல் என்று மனு ஸ்மிருதியில்கூட ஒரு விதி உண்டு. மனு யாருக்காகப் பேசினார் என்பது தெரிந்ததுதான். இருந்தும் அந்த விதி உழைப்பைக் கேட்கிறது. 1905 காகிதத்தைக் கேட்கிறது. காகிதம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கும்?

போன மாசி மாதம் அந்த மேட்டைப் போய்ப் பார்த்தேன். அது காலியாக இல்லை. வேர்க்கடலை போட்டிருந்தார்கள். காலனியிலிருந்து ஒரு ஆயா வந்து, யாரென்று விசாரித்து, எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னதும் வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே 'பி' மெமோ ரசீதுகள். அதாவது ஆக்கிரமிப்புக்கு அபராதம் கட்டியதற்கான சீட்டுகள். "எங்க மாமனாரு காலத்துல இருந்து தண்டம் கட்டறோம்பா" என்றார். நிலம் யாருடையது என்று எழுதியிருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "சர்க்காருதுதான். அதுக்குத்தானே தண்டம்?"

இந்தப் பதிலுக்குள் சட்டத்தின் கண்ணி முழுவதும் இருக்கிறது. தனியார் நிலத்தை 12 வருடம் எதிரிடையாக அனுபவித்தால் பாத்தியதை கோரலாம். அரசாங்க நிலத்துக்கு முன்னால் 60 வருடம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்துக்குப் பிறகு 30. ஆனால் எதிரிடை என்றால் எதிர்த்து இருக்க வேண்டும். நிலம் சர்க்காருடையது என்று ஒப்புக்கொண்டு வருஷாவருஷம் அபராதம் கட்டுகிறவர் யாரை எதிர்த்தார்? அவர் அங்கே இருந்ததற்கு ஒரே சாட்சி அந்த ரசீது. அவர் உரிமை கோர முடியாது என்று சொல்ல முதலில் நீட்டப்படுவதும் அதே ரசீது. ஒழுங்காகக் கட்டியவர் தோற்பார். எங்கள் குடும்பம் அந்த மேட்டுக்கு ஒரு பைசா கட்டியதில்லை, ஒரு கல்லைப் பொறுக்கியதில்லை. எங்களிடம் அஷ்டபோகம் இருக்கிறது.

சர்க்கார் தரிசாக இருந்தது அனாதீனம் ஆனது பின்னால்தான். 1979-இல் ஆரம்பித்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். அதன் நடுவில், 1980-இல், பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழிந்தது நியாயம்தான், பொய்க் கணக்கு எழுதியவர்களும் அவர்களே. ஆனால் எது பொய் என்று தெரிந்தவர்களும் அவர்களே. எங்கள் ஊர் விசாரணைக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, எல்லோரும் பட்டணத்தில். காலனியில் யாரையும் கூப்பிடவில்லை. எழுத வந்தவர் இரண்டு பக்கமும் எழுதாமல் அனாதீனம் என்று போட்டுவிட்டார். பதிவேட்டிலேயே ஓரளவுக்கு நேர்மையான சொல் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தனக்குத் தெரியாது என்று சர்க்கார் எழுதிவைத்த இடம் அது.

அந்தத் தெரியாமையை நிரப்பத்தான் அண்ணன் மனு எழுதியிருக்கிறார். பக்கத்தில் நாலுவழிச் சாலை வந்த பிறகு மேட்டின் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன சுப்ரீம் கோர்ட், 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அரசு அறிவிப்பின்படி குத்தகைக்குக் கொடுத்தது போன்றவற்றை விதிவிலக்காக வைத்தது. அந்த விதிவிலக்கிலும் ஆயாவுக்கு நேராக இடமில்லை. அவருக்கு யாரும் எதையும் அறிவித்துக் கொடுக்கவில்லை. அவர் உழுதார், அவ்வளவுதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நான் போடாததால் நிலம் அவர்களுக்குப் போய்விடாது. அண்ணன் மற்ற பங்காளிகளைக் கொண்டு மனு கொடுத்துவிட்டார் என்று கேள்வி. நான் செய்தது ஒன்றுதான். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, நகல் எடுத்து, ஒப்படை கேட்டு ஆயாவின் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது ஒரு இடத்தில் கை நின்றது. நிலத்துக்கும் மனுதாரருக்கும் உள்ள தொடர்பு என்ன என்று கேட்டிருந்தது. ஆக்கிரமிப்பாளர் என்று எழுதினால் சட்டப்படி சரி. பயிர் செய்பவர் என்று எழுதினேன். ஆயா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ரேகை வைத்தார்.