மேரையும் தீட்டும்: தமிழக மருத்துவச்சியின் தொழில்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டின் பொறுப்பாகவே இருந்தது. வளைகாப்பு முடித்து மகளை அழைத்துவந்த குடும்பம் மருத்துவச்சியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலும் நாவிதர் குலத்தவளான அவள் எந்தெந்த வீடுகளுக்கு உரியவள் என்பது பரம்பரையாகவே முடிவாகியிருந்தது. களத்துமேட்டில் ஊர்ப் பணியாளருக்கு அளந்துவிடப்பட்ட நெற்பங்கான ‘மேரை’, அவள் வீட்டு ஆண்களின் சவரத் தொழிலுக்கும் அவள் பார்த்த பேற்றுக்கும் சேர்த்தே கிடைத்தது; பிள்ளை பிறந்ததும் தரப்பட்ட அரிசி, எண்ணெய், புடவை, காசு ஆகியவை தனி.

ஏற்பாடுகள் எளியவை. ஒதுக்கிய ஓர் அறை, பழந்துணி, வெந்நீர், விளக்கெண்ணெய், கொடியறுக்கச் சவரக்கத்தி அல்லது அரிவாள் ஆகியவற்றோடு, கருப்பையிலிருந்து வெளிவரும் நஞ்சைப் புதைக்கக் கொல்லையில் ஒரு குழியும் வேண்டியிருந்தது. அதைப் புதைப்பதும் குருதித் துணிகளை அலசுவதும் மருத்துவச்சியின் வேலையே. பேற்றுத் தீட்டை அவள்மேல் ஏற்றிவிட்டுத் தம்மைத் தூய்மையாக்கிக்கொண்ட வீடுகள், பிள்ளையை முதலில் ஏந்திய கையையே தீண்டத் தயங்கின. இம்முரணை அக்காலத்தவர் முரணாகக் கருதியதாகத் தெரியவில்லை.

சென்னையில் 1844இல் அரசுப் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பெற்று, 1854இல் அங்கே மருத்துவச்சிப் பயிற்சியும் ஏற்பட்டது. கழுவாத கத்தியால் பரவிய இரணஜன்னி குழந்தைகளைக் கொன்றதால், ஊர் மருத்துவச்சிமீது ஆங்கில மருத்துவர்கள் சாட்டிய குற்றத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதே 1840களில் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர்களின் கைகளே பிரசவக் காய்ச்சலைப் பரப்பியதை மருத்துவர் செம்மல்வைஸ் கண்டறிந்தார் என்பதால், அறியாமையை ஊர் மருத்துவச்சிக்கு மட்டும் உரியதாக்குவது நேர்மையன்று.

1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவுமுறையைக் கொண்டுவந்தபின், பரம்பரை அறிவுக்கும் சான்றிதழுக்கும் இடையே கோடு விழுந்தது. 1970களில் அரசு ஊர் மருத்துவச்சியருக்குச் சிறு பயிற்சியும், பிளேடு, நூல், சோப்பு அடங்கிய பையும் அளித்ததே தவிர, மேரைக்கு ஈடாக நிலையான ஊதியம் எதையும் அளிக்கவில்லை. அவர்களின் பணியை ஏற்ற துணைச் செவிலியருக்கோ மாதச் சம்பளம் கிடைத்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. அறுவைப் பிரசவங்கள் 44.9 விழுக்காடு.