ஏ-வன்: பழங்கப்பலுக்கு மதிப்பிட்ட கதை



சந்தையில் மாம்பழம் விற்பவர் "ஏ-வன் சாமான், ஐயா" என்கிறார். பட்டறையில் மோட்டார் திருத்துபவரும் அதையே சொல்கிறார். இச்சொல் பள்ளிக்கூடத்துப் புள்ளிப் பத்திரத்திலிருந்து வந்தது என்றே நம்மிற் பலர் எண்ணியிருப்போம். உண்மையில் இது கப்பல் பார்த்தவர்களின் சொல். கடலிற் பல காலம் உழைத்த ஒரு கப்பலை இன்னொருவர் நம்பலாமா என்று பார்த்துச் சொல்வதற்காகப் பிறந்த சொல். பழைய பாய்க்கப்பலை வாங்க வருபவன் எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரில் எட்வர்ட் லொயிட் என்பவர் ஒரு கோப்பிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகளும் காப்புறுதிப் பணம் கட்டுவோரும் அங்கேதான் கூடுவர். தாம் கண்ணாற் காணாத கப்பலுக்குப் பொறுப்பேற்பவனுக்கு இரவில் உறக்கம் வருமா? 1760இல் இவர்கள் ஒரு சங்கமாகக் கூடிக் கப்பல்களைப் பார்த்து வர ஆட்களை அமர்த்தினார்கள். பார்த்ததைச் சுருக்கமாக எழுத ஒரு குறியீடும் வகுத்தார்கள். கப்பலின் உடலுக்கு ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்து; பாய், கயிறு, நங்கூரம் முதலிய தளபாடங்களுக்கு நல்லது, நடுத்தரம், கெட்டது என்பவற்றின் முதலெழுத்துகள் மூன்று. (நம் இலக்கணத்தில் மெய்யெழுத்தே உடம்பு, அவர்களோ உடம்புக்கு உயிரெழுத்தைக் கொடுத்தார்கள்.) 1775 அளவில் தளபாடத்துக்கு எழுத்துப் போய் எண் வந்தது. ஏ என்றால் உடல் முதல்தரம். ஒன்று என்றால் தளபாடமும் முதல்தரம். மாம்பழக்காரரின் ஏ-வன் இதுதான்.

இந்தக் குறியீட்டை வைத்து நடந்த ஒரு சண்டை எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுகிறது. 1797இலும் 1798இலும் அந்தச் சங்கத்தார் புதுவிதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கப்பல் இப்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, அதன் வயது என்ன, எந்த ஊரிற் கட்டப்பட்டது என்பவற்றை வைத்தே தரம் போடுவது என்பது அவ்விதி. தேம்ஸ் நதிக்கரையிற் பிறந்த கப்பலுக்குச் சலுகை. வெளியூரிற் பிறந்ததற்குக் குறைவு. நன்றாகப் பேணிய கப்பலும் வயதாகிவிட்டது என்பதற்காகக் கீழே தள்ளப்பட்டது. முதலாளிமார் கொதித்தெழுந்து 1799இல் தமக்கெனத் தனிப் பதிவேடு ஒன்றை வெளியிட்டார்கள். பச்சைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் என்று இரண்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்து, இரு தரப்புக்கும் கை கடித்த பின்னர், 1834இல் ஒன்றாயின. வயதும் பிறந்த ஊருமா, இன்றைய நிலையா? பழைய கப்பல் வாங்குகிற ஒவ்வொருவனும் இந்தச் சண்டையைத் தன் மனதுக்குள் மறுபடியும் நடத்தித்தான் ஆகவேண்டும்.

1892ஆம் ஆண்டு. அமெரிக்காவில் யோசுவா ஸ்லோக்கம் என்ற கப்பற் கப்டன் வேலையின்றி இருந்தார். நீராவிக் கப்பல்கள் வந்து பாய்க்கப்பற்காரரின் வயிற்றில் அடித்த காலம் அது. பழைய சிநேகிதரான திமிங்கில வேட்டைக் கப்டன் ஒருவர், "உமக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் திருத்த வேண்டும்" என்ற பாங்கிற் சொல்லியனுப்பினார். ஸ்லோக்கம் பெயார்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தால், கடலுக்குத் தூரமாய் ஒரு புல்வெளியில், முட்டுக்கொடுத்து, கித்தான் போர்த்தி, 'ஸ்பிறே' என்ற கிழட்டுப் படகு நிற்கிறது. நீளம் முப்பத்தாறடி ஒன்பது அங்குலம். எப்போது கட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் திட்டமாய்த் தெரியாது.

ஸ்லோக்கம் அதன் விலையைப் பார்க்கவில்லை, விலைதான் இல்லையே. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்தார். அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி ஏராவாக்கினார். கப்பலின் அடிமுதுகெலும்பை நம் கடற்கரையில் ஏரா என்பார்கள். விலா எலும்புகளான வங்குகளுக்கு மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்தார். அதன்மேல் ஒன்றரை அங்குலத் தடிப்பிற் பைன் பலகை. பதின்மூன்று மாத உழைப்பு. கையிலிருந்து போனது 553 டொலர் 62 சதம். சும்மா வந்த படகின் உண்மை விலை அதுதான். வேலை நடக்கும்போது அந்த ஊர்த் திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்து, ஏ-வன் என்று தீர்ப்புச் சொன்னதாக ஸ்லோக்கமே எழுதியிருக்கிறார். இலண்டன் கோப்பிக் கடையின் எழுத்து அந்தப் புல்வெளி வரைக்கும் நடந்து வந்துவிட்டது.

இவ்வளவும் மாற்றிய பிறகு இது பழைய கப்பலா, புதிய கப்பலா? கிரேக்க வீரன் தீசியசின் கப்பலைப் பற்றித் தத்துவக்காரர் இதே வழக்கைப் பேசியதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஸ்லோக்கம் அதிக நேரம் யோசிக்கவில்லை. பழைய பெயரையே வைத்துக்கொண்டு 1895 ஏப்ரல் 24ஆம் தேதி பொஸ்தன் துறையிலிருந்து தனியாளாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1898 யூன் 27ஆம் தேதி நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே.

மரக்கப்பலை எப்படிப் பார்ப்பது? சிறுவனாக இருக்கையில் வடகரையில் தோணிகளை மணலில் ஏற்றிக் கலப்பத்துப் பார்ப்பதை மணிக்கணக்காய் நின்று பார்த்திருக்கிறேன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலை அது. கிழட்டு மேத்திரியார் ஒருவர் வர்ணத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். கையில் ஒரு சிறு கத்தி. மழைநீர் தேங்கும் மூலை, இரும்பாணி மரத்தைத் தொடும் இடம், ஏராவும் பலகையும் சந்திக்கும் பொருத்து, இவற்றில் மட்டும் கத்திமுனையை மெல்ல ஊன்றுவார். நல்ல மரம் எதிர்த்து நிற்கும்; உளுத்த மரம் பாண் போல இடங்கொடுக்கும். சுத்தியலாற் தட்டினால் உறுதியான பலகை கணீர் என்னும். கெட்டது தொம் என்னும். மரக்கப்பலை நன்னீரும் கொல்லும், கடற்புழுவும் கொல்லும். மழைநீர் மேல்தட்டிலிருந்து அழுகலாய் இறங்குகிறது. புழுவோ வெளியில் ஊசித் துவாரம் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, உள்ளே பலகையைத் தேன்கூடாக்கிவிடுகிறது. நம்மவர் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்து அடியிற் பூசியது இந்தப் புழுவுக்குப் பயந்துதான்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1930 அளவில் வல்வெட்டித்துறைக் கரையிற் கட்டப்பட்டது 'அன்னபூரணி'. நீளம் எண்பத்தொன்பது அடி. அதன் உடலுக்கு வேப்பமரம் பயன்பட்டது என்பர். சரக்கேற்றி உழைத்த கப்பல். அதை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர். அவர் சாமானியர் அல்லர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர், பின்னாளில் மசாசுசெட்ஸ் மாநிலத்திற் கப்பல் கட்டும் தளமே நடத்தியவர். தன் மனைவியின் பெயரால் அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலிய வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அக்கப்பல் சென்று, 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

நாம் இதை மாலுமிகளின் வீரமாகவே சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் வாங்கியவனின் கண்ணையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். 1798ஆம் ஆண்டுப் பச்சைப் புத்தகக்காரர் கையில் அன்னபூரணி அகப்பட்டிருந்தால் என்ன எழுத்துக் கிடைத்திருக்கும்? தேம்சில் இருந்து வெகு தூரத்தில், ஒரு மணற்கரையிற் பிறந்தவள் அவள். உலகக் கடலையெல்லாம் பார்த்த றொபின்சன் பிறந்த ஊரைக் கேட்டுத் திரும்பிப் போய்விடவில்லை. சமுத்திரங்கள் கடந்து வந்து அவளே அவருடைய மதிப்பீட்டை நிரூபித்தாள்.

எல்லோருக்கும் அந்தக் கண் வாய்ப்பதில்லை. பிரெஞ்சுக்காரரான பேர்னார்ட் முவாத்திசியே இந்தோசீனாவில் 'மரி-தெரேஸ்' என்ற பழைய மரக்கலத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அது ஒழுகிய ஒழுக்கிற்கு நடுக்கடலிற் சுழியோடி அடைக்க வேண்டியதாயிற்று. என்றாலும் அதைக் கொன்றது ஒழுக்கு அன்று. தாம் நிற்கும் நெடுங்கோட்டை அறியத் தக்க வழியில்லாமல், 1952இல் நம் தீவுக்குத் தெற்கே தியாகோ கார்சியாப் பாறையில் மோதினார். உடலின் எழுத்தோடு தளபாடத்தின் எண்ணையும் ஏன் சேர்த்து எழுதினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1950களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இதற்குப் புழுவில்லை, உளுப்பில்லை என்று மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளில் அடிப்பாகத்திற் கொப்புளங்கள் தோன்றின. நீர் மெல்ல உள்ளே ஊறியதன் விளைவு அது. மேல்தட்டின் இரு படைகளுக்கிடையே பால்சா என்ற இலேசான மரத்தை வைத்தார்கள். ஓர் ஆணித்துளை வழியே நீர் இறங்கினால் அதுவும் அழுகும். பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பி வெளியே பளபளக்க, பொருத்துக்குள் மறைந்த பாகம் வெடித்திருக்கும். ஆகவே இன்றும் முப்பத்தைந்து, நாற்பது அடிப் படகொன்றை வாங்க விரும்புபவன் அதை நீரிலிருந்து தூக்குவித்து, தன் சார்பில் ஒரு பரிசோதகரைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கிறான். விற்பவர் கூட்டிவரும் பரிசோதகரை நம்புவது பெண்வீட்டுத் தரகரிடமே சாதகம் பார்ப்பதைப் போன்றது. பின்பு இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்க்கிறான். காற்றில் ஒருமுறை பாய் விரித்தும் பார்க்கிறான். மேத்திரியாரின் கத்தி போய் ஈரமானி வந்திருக்கிறது. தட்டிக் கேட்கும் காது மாத்திரம் அப்படியே இருக்கிறது.

ஸ்பிறேயின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அதன் உருவமைப்பைச் சில வடிவமைப்பாளர்கள் மிகவும் புகழ்ந்தார்கள். வேறு சிலர், சாய்ந்தால் நிமிராது என்று எச்சரித்தார்கள். பின்னாளில் அதைக் கண்ட சிலர், கயிறுகள் நைந்து, பேணுவாரின்றிக் கிடந்ததாக எழுதியுள்ளனர். ஸ்லோக்கம் அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மார்த்தாஸ் வின்யார்ட் தீவிலிருந்து ஒரு நவம்பரில் தென்னமெரிக்காவை நோக்கி அதே படகில் தனியாகப் புறப்பட்டார். அது 1908 என்பாரும் 1909 என்பாரும் உண்டு. 1924இல் நீதிமன்றம் அவரை இறந்தவராகத் தீர்மானித்தது. படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.