கடலுக்குள்ள குழாய் இறக்கின கதை

கடல்ல காற்றாலை நட்டு, அந்த மின்சாரத்துல அங்கேயே தண்ணீரைப் பிரிச்சு, பசுமை ஹைட்ரஜனைக் குழாய் வழியா கரைக்குக் கொண்டுவரலாம்னு இப்போ உலகம் முழுக்கப் பேச்சு. நம்ம மத்திய அமைச்சரவையும் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டத்தை ஏற்றது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. சரி, ஆழ்கடலில் குழாய் இறக்கின அனுபவம் நமக்கு இருக்கா?

இருக்கு. அதுவும் என் வீட்டுக்குப் பக்கத்துலயே. மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வந்து வேளச்சேரி ரோட்டைப் பிடிச்சா, மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி. வந்துடும். 1993-ல் தொடங்கிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அது.

அவங்க முதல்ல எடுத்த பெரிய வேலை, கடல் வெப்பத்திலிருந்து மின்சாரம். நம்ம கடலின் மேல்மட்டம் 28 டிகிரி இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அது பத்து டிகிரிக்கும் கீழே. வெதுவெதுப்பான நீர் அம்மோனியாவை ஆவியாக்கும், ஆவி டர்பைனைச் சுற்றும், ஆழத்துக் குளிர்நீர் அதைத் திரும்பத் திரவமாக்கும். 'சாகர் சக்தி' என்ற மிதவையில் ஒரு மெகாவாட் நிலையம் கட்டி, தூத்துக்குடிக்கு அப்பால் கடலுக்குக் கொண்டுபோனாங்க. கணக்கெல்லாம் சரி. ஆனால் 2000-களின் தொடக்கத்தில், அந்தக் கிலோமீட்டர் நீளக் குழாயை இறக்கி மிதவையோடு இணைக்கிற இடத்தில்தான் எல்லாம் நின்னு போச்சு.

அதோட விடலை. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் வேறு வழி பிடிச்சாங்க. அந்தத் தீவைச் சுற்றிக் கடல் சட்டுனு ஆழமாகும். அதனால சுமார் 600 மீட்டர் குழாயிலேயே 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் கிடைச்சது. இந்தத் தடவை மின்சாரம் இல்லை, குடிநீர். குறைந்த அழுத்தத்தில் மேல்மட்ட நீரை ஆவியாக்கி, குளிர்நீரால் அதைத் திரும்ப நீராக்கினாங்க. தினம் ஒரு லட்சம் லிட்டர். கிணற்று நீர் உப்பேறிக் கிடந்த தீவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! 2007-ல் சென்னைக்கு அப்பால், மிதவையிலிருந்தே ஆழத்துக்குக் குழாய் தொங்கவிட்டு, தினம் பத்து லட்சம் லிட்டர் எடுக்கும் நிலையத்தையும் ஓட்டிக் காட்டினாங்க. தூத்துக்குடியில் நழுவின வேலை இங்கே கைக்குள் வந்தது.

இந்தப் பழைய கதை இப்போ எதுக்கு? ஹைட்ரஜன் குழாய்க்கு வேற தொல்லையும் இருக்கு. அந்த வாயு எஃகுக்குள்ளேயே ஊடுருவி அதை நொறுங்க வைக்கும். ஆனால் எந்தக் குழாயாக இருந்தாலும், காற்றும் அலையும் ஒத்துழைக்கிற அந்தச் சில நாட்களில் இறக்கியாகணும். மேலே மீன்பிடிக்கிறவங்க வலைக்கும் வழி விடணும்.

இன்னொன்று தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் தூய நீர் வேணும். 50 லட்சம் டன்னுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,500 கோடி லிட்டர். கவரத்தி அளவு நிலையம் 1,200-க்கு மேல் தேவைப்படும். கோடை வந்தால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற புறநகரில் உட்கார்ந்து சொல்றேன்: அந்த நீர் கடலிலிருந்து வரணும், நம்ம ஏரியிலிருந்து அல்ல. எரிவாயுக் குழாய்க்கு முன்னாடி குளிர்நீர்க் குழாயை நாம நல்லாக் கத்துக்கிட்டது வீண்போகாது.