வாடகைக்கு நூற்றுக்கு முப்பது: ஒரு கணக்கின் கதை

புதிதாகக் குடித்தனம் தொடங்கும் கணவனும் மனைவியும் முதலில் முகங்கொடுக்கும் கேள்விகளுள் ஒன்று, இருவரது வருமானத்தில் எவ்வளவை வீட்டு வாடகைக்கு ஒதுக்கலாம் என்பதாகும். ரொறன்ரோவில் வாழும் எம்மவரிடம் கேட்டால், நூற்றுக்கு முப்பதைத் தாண்டக்கூடாது என்ற பதில் உடனே வரும். ஏதோ முன்னோர் கண்டறிந்த பொருளியல் உண்மை போலவே இது சொல்லப்படுகின்றது. ஆனால், இந்த முப்பதின் வரலாறு வேறு கதையைச் சொல்கின்றது.

ஜேர்மனியப் புள்ளிவிபர அறிஞர் ஏர்ன்ஸ்ற் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து 1857ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடுகின்றது என்பதே அது. வாடகைக்கும் இது பொருந்தும் என்பதை, பேர்லின் நகரத்தின் புள்ளிவிபரப் பணியகத்துக்குப் பொறுப்பாயிருந்த ஹேர்மன் சுவாபே 1868இல் எடுத்துக்காட்டினார். ஏழையே தன் வருவாயில் பெரும் பங்கை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

எனினும், இச்செய்தி அத்திலாந்திக்கைக் கடந்தபோது திரிபடைந்தது. மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிபரத் தலைவர் கரோல் றைற், 1875இல் வெளியிட்ட அறிக்கையில் எங்கெலின் விதிகள் என்று சிலவற்றை எழுதினார். வருமானம் எதுவாயினும் வாடகையின் பங்கு மாறாது என்பது அவற்றுள் ஒன்று. எங்கெல் அவ்வாறு கூறவேயில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பங்கு என்ற எண்ணம் வேரூன்றியது. ஒரு வாரக் கூலி ஒரு மாத வாடகைக்கு என்ற வழக்கும் அமெரிக்கத் தொழிலாளரிடையே பரவியது. அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்து.

சட்டத்தில் இக்கணக்கு இடம்பெற்றது 1937இல் ஆகும். அவ்வாண்டின் அமெரிக்க வீடமைப்புச் சட்டப்படி, அரச குடியிருப்புகளில் சேரும் குடும்பத்தின் வருமானம் வாடகையின் ஐந்து மடங்கை மீறக்கூடாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் ஆறு மடங்கு வரை அனுமதிக்கப்பட்டது. வசதியுள்ளவர்களை இக்குடியிருப்புகளிலிருந்து விலக்கி வைப்பதே நோக்கம்; குடித்தனக்காரருக்கு அறிவுரை கூறுவதல்ல.

காலப்போக்கில் அக்குடியிருப்புகளின் பராமரிப்புச் செலவு ஏற, வாடகையும் ஏறியது. வருமானத்தில் பாதிக்கும் அதிகமானதை வாடகையாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1969ஆம் ஆண்டில் சென்ற் லூயிஸ் நகரத்தின் அரச குடியிருப்பாளர்கள் வாடகை கொடுக்க மறுத்து மாதக்கணக்கில் போராடினார்கள். முன்னின்றவர்களுள் பலர் கறுப்பினப் பெண்கள். அதே ஆண்டில் செனற்றர் எட்வேர்ட் புறூக் கொண்டுவந்த திருத்தம், அரச குடியிருப்பாளரின் வாடகையை வருமானத்தின் 25 வீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. வறியவர்களைக் காப்பதற்கான உச்ச வரம்பு அது.

1981இல், ஜனாதிபதி றேகனின் ஆட்சியில் அரச செலவைக் குறைப்பதற்காக அந்த 25, 30 ஆக்கப்பட்டது. கனடாவும் 1986இல் தனது அளவுகோலை 25இலிருந்து 30க்கு உயர்த்தியது. மக்களின் வயிறு சுருங்கிவிட்டதா? இல்லை. அரசுகளின் கணக்கு மாறியது, அவ்வளவுதான்.

எமது இலங்கையில் சட்டம் வேறு வழியில் சென்றது. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் குடியிருப்பவரின் சம்பளத்தைப் பார்க்கவில்லை. வீட்டின் வரி மதிப்பீட்டை வைத்தே வாடகையை வரையறுத்தன. ஆகவே, வருமானத்தில் இத்தனை வீதம் என்ற பேச்சு எம்மவருக்குப் பெரும்பாலும் புலம்பெயர்ந்த பின்னரே பழக்கமானது எனலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாருடைய வருமானம்? 1974இல் சம கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, அமெரிக்காவில் வீட்டுக் கடன் கேட்டுச் செல்லும் தம்பதியரில் மனைவியின் சம்பளத்தைப் பாதியாகக் கணக்கிட்ட அல்லது கணக்கிலேயே எடுக்காத நிறுவனங்கள் பல இருந்தன. பிள்ளை பெறும் வாய்ப்பில்லை என்று மருத்துவரின் கடிதம் கேட்ட சம்பவங்களும் பதிவாகியுள்ளன. அது அநீதி; ஒழிக்கப்பட்டது சரியே. ஆனால் இரு சம்பளங்களையும் முழுமையாகக் கூட்டி அதன்மேல் வாடகையை நிர்ணயிக்கும் குடும்பம், ஒருவர் வேலை இழந்தாலோ, பிள்ளைப்பேற்றுக்காக வீட்டில் நின்றாலோ, அந்த ஒரு சம்பளத்தால் வாடகையைத் தாங்க இயலுமா என்பதைத் தானே சிந்திக்கவேண்டியுள்ளது.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கல் ஸ்ரோன் 1993இல் வெளியிட்ட நூலில், எத்தனை வீதம் கொடுக்கிறோம் என்பதைவிட, கொடுத்தபின் எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதே சரியான கேள்வி என்று வாதிட்டார். கையில் மாதம் 4,000 டொலர் கிடைக்கும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1,200 டொலர், அதாவது முப்பது வீதம், வாடகை கொடுக்கின்றன. மிச்சம் 2,800. பிள்ளைகளற்ற தம்பதியருக்கு ஆளுக்கு 1,400. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கு 560. அதிலிருந்துதான் ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பவேண்டும். வீதம் ஒன்றே, வாழ்க்கை ஒன்றல்ல. போதாக்குறைக்கு, கனடாவின் அரச அளவுகோல் வரி கழிக்குமுன் உள்ள வருமானத்தைக் கொண்டது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. அவர் எந்த வீதத்தையும் குறிப்பிடவில்லை. கணவனும் மனைவியும் முதலில் உணவு, பிள்ளைகள், கடன், ஊருக்கு அனுப்பும் பணம், அவசரத்துக்கான சேமிப்பு என்பவற்றை எழுதிக் கழித்துவிட்டு, எஞ்சுவதற்குள் வீடு தேடுவதே பொருத்தமானது. முப்பது என்பது அரசுகள் தமது வசதிக்காக வரைந்த கோடு. அதற்குள் நின்றும் பட்டினி கிடக்கலாம். அதைத் தாண்டியும் நிம்மதியாக வாழலாம்.