ஒரே அளவு துவாரம்: வன்னி வெயிலில் மலிவுக் கமராவும் மலிவுக் கைபேசியும்

கெனான் நிறுவனம் பவர்ஷொட் ஏ480 என்ற சின்னக் கமராவை வெளியிட்டது 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில். வன்னி அப்போது எந்தச் சந்தையோடும் தொடர்பற்றுக் கிடந்தது. போர் முடிந்து, சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பி, ஏ9 வீதி திறந்த பிறகு, வெளிநாட்டு உறவினர் கையோடு கொண்டுவந்து விட்டுப்போன பொருட்களில் இந்த வகைக் கமராவும் ஒன்று. இன்று அவற்றுட் பல அலுமாரிக்குள் உறங்குகின்றன. அவை செய்த வேலையைக் கையிலிருக்கும் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. உலகச் சந்தையிலும் இதே கதைதான்: 2010 இல் பத்துக் கோடிக்கும் மேல் ஏற்றுமதியான சிறு கமராக்கள் 2023 இல் இருபது இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஆனால் பாவனையிலிருந்து போனதெல்லாம் தரத்தில் தாழ்ந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபின், மலிவுக் கைபேசி என்பதும் ஒரு குடும்பம் யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. பழைய கமராவைத் தூசு தட்டி எடுப்பதா, புதிய கைபேசிக்குக் காசு சேர்ப்பதா என்ற கேள்வி, பாடசாலை ஊடகக் கழகத்துக்கும் உண்டு, கொண்டாட்டம் வைக்கவிருக்கும் வீட்டுக்கும் உண்டு. ஆகவே இரண்டையும் ஒரே வெயிலில் நிறுத்தி நிறுத்துப் பார்ப்போம்.

விளம்பரத் தாள்களைப் பார்த்தால் போட்டிக்கே இடமில்லை. கமராவுக்கு 10 மெகாபிக்சல், கைபேசிக்கு 50. கமராவின் வில்லை எஃப்/3.0, கைபேசியினது எஃப்/1.8. இங்கே ஒரு சிறு கணக்கு எதிர்பாராத உறவொன்றைக் காட்டித் தருகிறது. ஏ480 இன் குவியத்தூரம் அகலக் கோணத்தில் 6.6 மில்லிமீற்றர், அதை 3.0 ஆல் வகுத்தால் ஒளி நுழையும் துவாரம் 2.2 மில்லிமீற்றர். மலிவுக் கைபேசிகளில் பரவலாக இருக்கும் 50 மெகாபிக்சல் சென்சருக்கு முன்னால் நிற்கும் வில்லையின் குவியத்தூரம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர், அதை 1.8 ஆல் வகுத்தாலும் 2.2 தான். பதினைந்து ஆண்டு இடைவெளியில், வேறு வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட இரண்டு கருவிகள் ஒரே அளவு கண்மணியால் உலகைப் பார்க்கின்றன. எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து கமராவுக்குள் எவ்வளவு ஒளி போகிறதோ, அதே தூரத்தில் நிற்கும் கைபேசிக்குள்ளும் அவ்வளவுதான் போகிறது.

மெகாபிக்சலிலும் இதே ஒற்றுமை. கைபேசி தன் 50 மெகாபிக்சலை நான்கு நான்காகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகவே வழக்கத்தில் தருகிறது. கமரா 10 தருகிறது. ஒன்றின் பிக்சல் 1.7 மைக்றோன் அகலம்; மற்றதன் நான்கு பிக்சல் சேர்ந்து 1.28 மைக்றோன். சென்சரின் பரப்பிலும் பழையதே பெரிது: அது 28 சதுர மில்லிமீற்றர், இது ஏறத்தாழ 20. அப்படியானால் கைபேசிப் படம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது எதனால்? உள்ளே வந்த ஒளியை வீணாக்காத புதிய சென்சராலும், ஒரே கணத்தில் பல படம் எடுத்து அவற்றை ஒன்றாக்கும் கணிப்பாலும். ஒளியைப் பெறுவதில் இரண்டும் சமம். பெற்றதைச் செலவிடும் விதத்தில்தான் பிரிகின்றன.

அந்தப் பிரிவை முதலில் காட்டிக்கொடுப்பது வெள்ளைச் சீருடை. காலைக்கூட்டம் முடிந்து பத்து மணி வெயிலில் மாணவத் தலைவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளைச் சட்டை, அதன்மேல் கறுத்த முகம், காலடியில் சிவந்த கிறவல் மண். கமராவின் பழைய சென்சருக்கு இந்த மூன்றையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. முகத்தை அளந்து ஒளி வைத்தால் சட்டை வெறும் வெள்ளைத் தாளாகிறது. மடிப்பும் இல்லை, பொத்தானும் இல்லை. சட்டையைக் காப்பாற்றினால் கண்குழிகள் இருண்டு போகின்றன. ஒளியளவை மூன்றில் இரண்டு படி குறைத்து வைத்து, ஃபிளாஷை வலிந்து எரியவிட்டால் ஓரளவு தப்பலாம். பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அதுவே இந்தக் கமராவுக்குச் சரியான பகல் வைத்தியம்.

கைபேசி இந்தச் சிக்கலைக் கேட்காமலே தீர்த்துவைக்கிறது. வெளிச்சமாக ஒன்று, இருளாக ஒன்று என எடுத்துச் சேர்ப்பதால் சட்டை மடிப்பும் தெரிகிறது, கண்ணும் தெரிகிறது. ஆனால் அந்தத் தீர்வுக்கு ஒரு விலை உண்டு. நாடிக்குக் கீழே விழவேண்டிய நிழல் மெலிந்து முகம் தட்டையாகிறது. அழகூட்டும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் தோலின் நிறத்தையே ஓரிரு படி வெளிறச் செய்து, மீசை அரும்பும் இடத்தை மெழுகிவிடுகிறது. கமரா தன் இயலாமையால் முகத்தை இருட்டாக்குகிறது; கைபேசி தன் வல்லமையால் அதை வெளுப்பாக்குகிறது. இரண்டாவது குறையை நான் பாரதூரமானதாகக் கருதுகிறேன். இருண்ட படம் தான் இருண்டிருப்பதை மறைப்பதில்லை. வெளுத்த படமோ எங்கள் பிள்ளைகளின் நிறத்தைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்லாமற் சொல்கிறது. அந்த அமைப்பை நிறுத்திவைக்கலாம் என்பது ஆறுதல். நிறுத்துபவர் சிலர் என்பது கவலை.

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தீர்ப்பு ஒருபக்கமாகச் சாய்கிறது. சின்னக் கமரா பொத்தானை அழுத்தியபின் குவியத்தைத் தேடி, யோசித்து, ஓடுபவர் முடிவுக் கோட்டைத் தாண்டியபின் படமெடுக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருக்கத் தெரிந்தவர் மட்டுமே வெல்லலாம். கைபேசி அழுத்திய கணத்தையே பிடித்துவிடுகிறது. காணொளியில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 640க்கு 480 அளவுப் படத்தைப் பற்றி இன்று பேச ஒன்றுமில்லை.

இனி இரவு. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல், இந்த இரண்டு கருவிகளுக்கும் வன்னி வைக்கக்கூடிய மிகக் கடினமான பரீட்சை. சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, அங்கிருந்து வற்றாப்பளைக்கு வந்து சேரும் அந்த மரபைத் தெரியாதவர் இங்கில்லை. வெளிவீதியில் பொங்கற் பானைகளின் நெருப்பு, ஓலைப் புகை, நந்திக்கடற் காற்று, நெருக்கியடிக்கும் சனம். ஒளி குறைவு; எதுவும் அசையாமல் நிற்பதுமில்லை.

கைபேசி இந்த இரவின் ஒளியை அறிந்துகொள்கிறது. நெருப்பின் செம்மை முகத்தில் படிவதை, புகையின் பின்னால் கோபுரம் மங்கித் தெரிவதை இரண்டு மூன்று விநாடிக்குள் சேகரித்துத் தருகிறது. ஆனால் அந்த விநாடிகளுக்குள் பானையில் அரிசி இடும் தாயின் கை ஒரு கோடாக இழுபட்டுப்போகிறது. காவடி ஆடுபவர் இரண்டு தலையோடு நிற்கிறார். கமரா இந்த இரவைச் சிறிதும் அறியாது. ஆனால் அதன் ஃபிளாஷ் மின்னலைப்போல் ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதியில் எரிந்து அணைவது. மூன்று மீற்றருக்குள் நிற்பவரை, கையிலிருந்து உதிரும் அரிசி மணியோடு அது உறையவைக்கிறது. கைபேசியின் விளக்கோ மெல்ல எரியும் சிறு ரோச் மட்டும். அசைவை நிறுத்தும் வலு அதற்கில்லை. ஒன்றில் இரவு இருக்கிறது, ஆள் கலைந்துபோகிறார். மற்றதில் ஆள் இருக்கிறார், இரவு தொலைந்துபோகிறது. முழுப் பொங்கலையும் தரவல்லது இரண்டில் எதுவுமில்லை. ஆடுபவரை எடுக்கக் கமரா, நின்று கும்பிடுபவரை எடுக்கக் கைபேசி என்று பிரித்துக்கொள்பவரே கெட்டிக்காரர்.

தூரத்தில் நிற்பதை எடுக்கும்போது முதலில் பார்த்த துவாரக் கணக்கு தலைகீழாகிறது. ஏ480 இன் வில்லை முன்னே நீண்டு 21.6 மில்லிமீற்றருக்குப் போகும்போது எஃப் எண் 5.8 ஆகக் கூடுகிறது. இருட்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் துவாரம் 3.7 மில்லிமீற்றராக விரிந்திருக்கிறது. 1951 இல் பறவைகள் சரணாலயமான கொக்கிளாய்க் களப்பில் ஒரு மீற்றர் உயரமான நாரையொன்று 50 மீற்றர் தள்ளி நிற்கிறது என்று வைப்போம். கமராவில் அது ஏறத்தாழ 250 பிக்சல் உயரத்தில் பதியும். கைபேசியின் வழக்கமான படத்தில் 60. விரலால் இழுத்துப் பெருப்பிப்பது இந்த அறுபதை அகலமாக்குமே தவிர, ஒரு இறகையும் கூட்டித் தராது. பறவை நோக்குவோருக்கு இரண்டுமே போதாதுதான். ஆனாலும் போதாமையில் கமரா நான்கு மடங்கு மேல்.

பலவீனங்களிலும் ஒரு விசித்திரச் சமச்சீர் உண்டு. கமராவின் மிகப் பெரிய பலமான நீளும் வில்லைதான் அதன் உயிர்நிலையும். கிறவல் வீதித் தூசியின் ஒரு மணி அந்தக் குழாய்களுக்கிடையில் புகுந்தால், வில்லை பாதியில் நின்று, திரையில் பிழைச்செய்தி வந்து, கமராவின் கதை முடிந்தது. திருத்துபவரைக் காண்பதும் அரிது. கைபேசியில் நீள்வதற்கு ஒன்றுமில்லை. திருத்தும் கடைக்கும் குறைவில்லை. ஆனால் சட்டைப்பையும் விரலும் அதன் வில்லைக் கண்ணாடியில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலத்தை வைத்திருக்கின்றன. மாலை வெயிலில் படம் பால்கலந்ததுபோல் மங்கினால், பழியைச் சென்சரில் போடுமுன் சாரத்தின் நுனியால் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கண்வைத்துப் பார்க்கும் துவாரமில்லை என்பதால், உச்சி வெயிலில் திரை தெரியாமல் குத்துமதிப்பாகப் படமெடுக்கும் அவதி பொது. ஏ480 இன் மங்கலான சிறு திரையில் அது கூடுதல்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னக் கமராவுக்கு இரண்டு பென்ரோச் பற்றரி போதும். அந்தப் பற்றரி 1990களில் வடக்குக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் அது கிடைக்கிறது. ஆனால் மலிவான சாதாரண பற்றரியால் கமரா கேட்கும் மின்னைக் கொடுக்க முடியாது. சில படங்களோடு அணைந்துவிடும். அல்கலைனோ மீள மின்னேற்றும் வகையோ வேண்டும். கைபேசிக்கு வேண்டியது மின்குதை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின் நின்றபோது அது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்பது விளங்கியது.

இதுவரை பார்த்ததெல்லாம் படம் பதியும் கணம் வரைதான். பதிந்தபின் படத்துக்கு என்ன நேர்கிறது என்பதை எந்த விமர்சனமும் எடுத்துக்கொள்வதில்லை. வன்னியில் அதுவே முதற்கேள்வியாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இடம்பெயர்வில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலும் சில நாட்களில் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் அமர்ந்தபோது, தாய்மார் மடியிலும் கையிலும் வைத்திருந்தவை பெருப்பித்த முகப்படங்கள். எங்கோ எடுத்த கூட்டுப் படத்தின் ஒரு மூலையிலிருந்து ஒரு முகத்தை வெட்டிப் பெருப்பிக்கவேண்டி வரலாம் என்பது இந்த மண்ணில் கற்பனையல்ல.

ஆகவே முகத்துக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பார்ப்போம். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் நிற்கும் வரிசை. கமராவின் படம் 3648 பிக்சல் அகலம். ஆளுக்கு 300, முகத்துக்கு ஏறத்தாழ 130. கைபேசியின் படம் 4080 அகலம்; முகத்துக்கு 145 அளவில். இங்கும் ஏறக்குறையச் சமம். ஆனால் கைபேசிப் படம் கைபேசியில் நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்குகிறது. முகத்துக்கு 60க்கும் குறைவே மிஞ்சுகிறது. அனுப்பியவரின் கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டால், உலகில் எஞ்சுவது அந்த அறுபதுதான். கமராவின் படமோ அட்டையில் முழுசாகக் கிடக்கிறது. ஆனால் யாரும் பிரதியெடுக்காமல், அட்டை பழுதானால் ஒன்றுமே எஞ்சாது. கைபேசிப் படம் சிறுத்துப் பல இடங்களில் வாழ்கிறது. கமராப் படம் முழுமையாக ஓரிடத்தில் வாழ்கிறது.

திகதியிலும் கவனம் வேண்டும். கைபேசி வலையமைப்பிலிருந்து நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நெடுநாள் பற்றரியின்றிக் கிடந்த கமரா திகதியை இழந்து, பிழையான ஆண்டொன்றைப் படத்தோடு எழுதிவைக்கும். முதற் படத்துக்கு முன் அதைச் சரிபார்க்காவிட்டால் பிற்காலத்தில் அந்தப் படம் தவறான சாட்சி சொல்லும்.

அல்பத்துக்கான நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 பிக்சல் போதும். சுருங்கிய வாட்ஸ்அப் படமே ஏறத்தாழ அதை எட்டிவிடுகிறது. அதனால்தான் ஸ்ரூடியோவில் அச்சிட்டுப் பார்க்கும்போது குறை தெரிவதில்லை, ஒரு முகத்தை வெட்டிப் பெருப்பிக்கும்வரை. கைபேசியில் எடுப்பவர் மூலப்படத்தை எச்.டி. தெரிவில் அல்லது கோப்பாக அனுப்பலாம். கமராவில் எடுப்பவர் அட்டையை இரண்டு இடங்களில் பிரதியெடுக்கலாம். இரண்டுக்கும் காசு செலவில்லை. இன்னொன்றுக்கும் செலவில்லை: பன்னிரண்டு பேரையும் ஒரே படத்தில் அடைத்தபின், நாலெட்டு முன்னே போய் ஆறு ஆறு பேராக மறுபடி எடுப்பது. முகத்துக்கு 130 பிக்சல் 260 ஆகிறது. பரப்பில் நான்கு மடங்கு. அதே கூடுதலைக் கருவியை மாற்றிப் பெறுவதானால் 40 மெகாபிக்சலும் அதற்கு ஈடுகொடுக்கும் வில்லையும் வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர மலிவுக் கமராவிலும் இல்லை, மலிவுக் கைபேசியிலும் இல்லை.