தேம்ஸ் நதி ஓடக்காரரும் ஆற்றுச் சட்டங்களும்

2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே லண்டன் மாநகரின் மிலேனியம் நடைபாலத்தின் கீழ் ஒரு வைக்கோற் கட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பாலத்தில் திருத்த வேலை நடந்தமையால், அதன் அடிப்புறத்துக்கும் தேம்ஸ் நதியின் நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட உயரம் வழக்கத்திலும் குறைந்திருந்தது. அவ்வாறு உயரம் குறையும்போது, படகோட்டிகளின் கண்ணிற் படத்தக்க பருமனில் ஒரு வைக்கோற் கட்டைப் பகலிலே தொங்கவிட வேண்டும். இரவிலே வெள்ளை விளக்கு வைக்க வேண்டும். லண்டன் துறைமுக அதிகாரசபையின் துணைவிதிகளிலே இது இன்றும் எழுத்தில் உள்ளது. கண்ணாடிக் கோபுரங்கள் நிறைந்த நகரத்திலே வைக்கோலைத் தேடிப் பெற்றுக் கட்டினார்கள். பார்த்தவர் பலருக்கு அது வேடிக்கை. ஆனால் அந்த ஆற்றின் விதிகளைத் தொடக்கத்திலிருந்து படித்து வருபவருக்கு அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. அவ்விதிகளுள் பல, யாரோ மூழ்கிய பின்னர் எழுதப்பட்டவை.

ஆறு யாருக்குச் சொந்தம் என்பதே முதலில் எழுந்த வழக்கு. நமது கடனீரேரியிலே களங்கண்ணி போடுவதைப் போல, தேம்ஸின் குறுக்கே கழிகளை நட்டு அடைப்புக் கட்டி மீன்பிடித்தார்கள். தோணிகள் போக வழியில்லாமற் போயிற்று. 1197ஆம் ஆண்டில் முதலாம் ரிச்சார்ட் மன்னன், 1,500 மார்க் பணத்தைப் பெற்றுக்கொண்டு, அந்த அடைப்புகளை அகற்றுமாறு லண்டன் நகரத்தாருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தான். 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா என்னும் மகாசாசனத்தின் 33ஆம் வாசகமும் இதனையே மீண்டும் வலியுறுத்தியது. ஆங்கிலேயர் தம் உரிமைகளுக்கெல்லாம் ஊற்றுக்கண்ணாகப் போற்றும் சாசனத்திலே மீன் அடைப்புக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஓடும் நீரிலே எல்லோருக்கும் வழி உண்டு என்ற கொள்கை அன்றே எழுத்திலேறிவிட்டது. அந்த வழியைக் காக்கும் உரிமையை ஒரு மன்னன் விலைக்கு விற்றான் என்பதையும் மறந்துவிடலாகாது.

1209ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட லண்டன் பாலத்தைத் தவிர, நகரத்தாருக்கு ஆற்றைக் கடக்க வேறு பாலம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கவில்லை. பட்னியிலே 1729இலும், வெஸ்ட்மின்ஸ்டரிலே 1750இலும்தான் அடுத்த பாலங்கள் வந்தன. தெருக்களோ ஒடுங்கியவை, சேறு நிறைந்தவை. ஆகையால் லண்டன்வாசிக்குத் தெரு என்றால் ஆறுதான். கரையெங்கும் படித்துறைகள். படியிலே கால் வைத்ததும் ஓடக்காரர் சூழ்ந்துகொண்டு கூவுவார்கள். இருவர் தண்டு வலிக்கும் தோணிக்கு ஒரு கூலி, ஒருவர் வலிப்பதற்கு வேறு கூலி. கிழக்கே போவதா, மேற்கே போவதா என்று அவர்கள் எழுப்பிய கூவல்கள் நாடகங்களுக்கே பெயராகிவிட்டன. ‘வெஸ்ட்வேர்ட் ஹோ’ என்பது டெக்கரும் வெப்ஸ்டரும் எழுதிய நாடகம். ‘ஈஸ்ட்வேர்ட் ஹோ’ என்பது சப்மன், பென் ஜோன்சன், மார்ஸ்டன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதியது.

கம்பன் காட்டும் குகன் கங்கைக் கரையிலே கூலி கேட்டவன் அல்லன். தேம்ஸ் ஓடக்காரன் கேட்டான். சிலவேளை நடு ஆற்றில் வைத்தும் கேட்டான். எனவே எட்டாம் ஹென்றி காலத்திலே, 1514இல், பாராளுமன்றம் ஓடக்கூலியைச் சட்டத்தால் வரையறை செய்தது. ஆனால் கூலியை வரையறுத்ததனால் உயிருக்குக் காப்புக் கிடைத்துவிடவில்லை. தொழில் அறியாதவர்களும், எசமானிடமிருந்து தப்பியோடி வந்த பையன்களும் கிடைத்த தோணியிலே ஆட்களை ஏற்றினார்கள். தோணிகள் கவிழ்ந்தன, பெருங்குடி மக்களும் பொதுமக்களும் மாண்டார்கள். இதன் பயனாகவே 1555இல், மேரி அரசியின் ஆட்சிக் காலத்திலே, புதிய சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிறேவ்ஸென்ட் முதல் வின்சர் வரையுள்ள ஓடக்காரரை மேற்பார்வை செய்ய எட்டுப் பேரை ஆண்டுதோறும் நகரபிதாவும் மூதவையினரும் தெரிவு செய்ய வேண்டும். தொழில் பழகாதவன் தனித்து ஓடம் விடக்கூடாது. தோணி இருபத்திரண்டரை அடி நீளமும் நடுவிலே நாலரை அடி அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். ஒடுங்கிய தோணி கவிழும் என்பது அனுபவம் கற்பித்த பாடம். இதிலிருந்து வளர்ந்ததே ஓடக்காரர் கொம்பனி என்னும் தொழிற்குழாம். 1603இல் தொழில் பழகும் காலத்தை ஏழாண்டு ஆக்கினார்கள். 1700இல் சரக்குத் தோணிக்காரரும் அக்குழாத்தில் இணைந்தனர்.

ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னொரு முகமும் இருக்கிறது. போர்க்காலத்திலே அரசனின் கடற்படைக்கு வலிந்து ஆள்பிடிக்க வரும்போது ஒளித்துக்கொள்ளும் ஓடக்காரனுக்குச் சிறையும், ஆற்றிலே தொழில் செய்யத் தடையும் தண்டனை. பதிவேட்டிலே பெயர் இருந்தால் ஆளைத் தேடிப் பிடிப்பது எளிது. பயணியைக் காக்க எழுதிய பதிவேடு படைக்கு ஆள் சேர்க்கும் இடாப்பாகவும் உதவியது. சட்டம் எழுதியவர்களின் மனத்திலே இவ்விரண்டில் எது முந்தி நின்றது என்பதை வாசகரே ஊகிக்கட்டும்.

அப்படிப் பிடிபட்டவருள் ஒருவன்தான் ஜோன் டெய்லர். 1578இல் குளொஸ்டர் நகரிலே பிறந்தவன். பள்ளிக்கூடத்திலே லத்தீன் இலக்கணத்தைத் தாண்ட மாட்டாமல் நின்றவன். லண்டனுக்கு வந்து ஓடக்காரனிடம் தொழில் பழகினான். கடற்படையிலே சேர்க்கப்பட்டு 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத் தாக்குதலுக்குப் போய் மீண்டான். மீண்டவன் தண்டும் வலித்தான், கவிதையும் எழுதினான். தன்னைத் தானே ‘நீர்க்கவிஞன்’ என்று அழைத்துக்கொண்டான். 1630இல் அவனுடைய ஆக்கங்கள் ஒரே பெருந்தொகுதியாக அச்சேறின. பழுப்பு நிறக் காகிதத்தாலே தோணி செய்து, கழிகளின் நுனியிலே கருவாட்டைக் கட்டித் தண்டாக வலித்து, லண்டனிலிருந்து குவீன்பறோ வரை போனதாக அவனே எழுதியிருக்கிறான். தோணியின் அடி கரைந்து போயிற்றாம். புலவர்களுள் இவ்வாறு தன் ஊடகத்தின் பலத்தைப் பரீட்சித்துப் பார்த்தவர் அதிகமில்லை.

டெய்லரின் வாழ்விலே நாடக வரலாற்றுக்கும் ஆற்றுச் சட்டத்துக்கும் ஒரு சந்திப்பு உண்டு. ரோஸ், சுவான், குளோப் முதலிய அரங்குகள் ஆற்றின் தென்கரையிலே இருந்தன. சேக்ஸ்பியரின் நாடகத்தைப் பார்க்கச் சென்ற பெருங்கூட்டத்தைச் சுமந்தவை ஓடங்களே. 1613இல் குளோப் அரங்கு எரிந்து போயிற்று. நடிகர்கள் வடகரைக்குப் பெயரத் தொடங்கியபோது ஓடக்காரர் கலங்கினார்கள். வடகரையிலே நகரிலிருந்து நான்கு மைல் எல்லைக்குள் நாடக அரங்கு எதனையும் அனுமதிக்கலாகாது என்று 1614இல் அரசனிடம் மனுச் செய்தார்கள். மனுவைச் சுமந்து சென்றவன் டெய்லர். ஓடத் தொழிலை நம்பி 40,000 உயிர்கள் வாழ்கின்றன என்பது அவன் கணக்கு. மிகைப்படுத்திய கணக்கென்றே எனக்குத் தோன்றுகிறது. மனு முடிவின்றி முடிந்தது. ஆயினும் அது நியாயமற்ற மனு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கூலியை உயர்த்த முடியாதபடி சட்டம் கட்டியிருக்கிறது. போர் வந்தால் உடலையே கொடுக்க வேண்டும். எஞ்சியது பயணிகளின் தொகை ஒன்றுதான்.

அந்தத் தொகையைக் கூட்டும் ஆசையே தோணியை அமிழ்த்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே எழுந்த சட்டமொன்று, சாதாரண தோணியில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றலாகாது, வழியில் வேண்டுமானால் இன்னும் இருவரை ஏற்றலாம் என்றது. குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குத் திருவிழாக் காலத்திலே வள்ளம் ஏறியவர்களுக்கு ‘வழியில் இருவர்’ என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அளவுக்கு மேல் ஏற்றி எவராவது நீரில் மூழ்கி இறந்தால், ஓடக்காரனுக்கு நாடுகடத்தல் தண்டனை. முன்னைய சட்டங்களோடு ஒப்பிட்டால் இது பெரும் மாற்றம். பயணியின் உயிருக்கு இங்கே ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கிறது; ஆனால் அந்த விலையைத் தண்டு வலித்தவன் மாத்திரமே செலுத்த வேண்டும்.

பின்னர் பாலங்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஓடங்களின் வருவாய் ஏழை ஓடக்காரருக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால், அதனை இழந்ததற்காகக் கொம்பனிக்கு நட்டஈடு கொடுத்தார்கள். தோமஸ் டொகற் என்ற நகைச்சுவை நடிகர் 1715இல் தொடக்கிய ஓடப்போட்டி, செந்நிற மேலங்கியும் வெள்ளிப் பதக்கமும் பரிசாக, இன்றும் நடைபெறுகின்றது. தொழில் தேய்ந்தபின் போட்டி மட்டும் எஞ்சியது. 1815 முதல் நீராவிப் படகுகள் ஓடின. 1857இல் ஆற்றின் பரிபாலனம் மாநகரத்தாரிடமிருந்து தேம்ஸ் பரிபாலன சபைக்குக் கைமாறிற்று.

இச்சபை 1872இல் நீராவிக் கப்பல்களுக்கு விதி செய்தது. எதிரெதிரே வரும் கப்பல்கள் ஒன்றையொன்று இடப்புறமாக விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்து வரும் கப்டன்மார், வேகம் குறைந்த நீரைத் தேடிக் கரைமுனைகளை ஒட்டிச் செல்வது பழைய வழக்கம். விதி ஒருபுறம், வழக்கம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் 1878 செப்டெம்பர் 3ஆம் திகதி மாலை ‘பிரின்சஸ் அலிஸ்’ வந்தது.

அது ஒரு உல்லாசப் பயணப் படகு. ஷீர்னஸ், கிறேவ்ஸென்ட் ஆகிய இடங்களுக்குப் போய்விட்டு, குடும்பம் குடும்பமாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 936 பேரை ஏற்ற அதற்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. உயிர்காப்புப் படகுகள் இரண்டு. மிதவை வளையங்கள் பன்னிரண்டு. இவ்விரு கணக்குகளையும் ஒரே மேசையிலே வைத்துப் பார்த்த உத்தியோகத்தர் எவரும் அன்று இருந்ததாகத் தெரியவில்லை. வூலிச்சுக்கு அண்மையிலே ஒரு வளைவில், நிலக்கரி ஏற்ற வெறுமையாகச் சென்றுகொண்டிருந்த ‘பைவெல் காசில்’ என்னும் பெருங்கப்பல் அதன் நடுவிலே மோதிற்று. படகு இரண்டாகப் பிளந்து சுமார் நான்கு நிமிடங்களில் மூழ்கியது. மாண்டோர் 600க்கு மேற்பட்டோர். சரியான தொகை இன்றுவரை இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்ற பட்டியலே இருக்கவில்லை.

நீந்தத் தெரிந்தவர்களுக்கும் வேறொரு கேடு காத்திருந்தது. 1858இல் லண்டனை மூக்கைப் பிடிக்க வைத்த பெருநாற்றத்தின் பின், பொறியியலாளர் பசல்கெற் நகரின் கழிவுநீரைக் கால்வாய்கள் மூலம் கிழக்கே கொண்டுபோய், பார்க்கிங், குறொஸ்னெஸ் ஆகிய இடங்களில் ஆற்றிலே விட ஏற்பாடு செய்திருந்தார். பாராளுமன்றத்தின் சன்னல்களுக்கு நாற்றம் வராமற் செய்த ஏற்பாடு அது. படகு மூழ்கிய இடத்துக்கு அருகே, மூழ்குவதற்குச் சற்று முன்னர்தான் கழிவுநீர் திறந்துவிடப்பட்டிருந்தது. அந்த நீரை விழுங்கியவர்களிற் சிலர் கரையேறிய பின்னும் இறந்தார்கள். இனங்காணப்படாத 120 உடல்களை வூலிச் மயானத்திலே ஒன்றாகப் புதைத்தார்கள். 23,000க்கு மேற்பட்ட மக்கள் ஆளுக்கு ஆறு பென்ஸ் வீதம் கொடுத்து 1880இல் அவ்விடத்திலே ஒரு கற்சிலுவை நிறுவினார்கள். தேம்ஸின் நீராவிப் போக்குவரத்துக்கு உறுதியான, கண்டிப்பான விதிகள் இருந்திருந்தால் இத்தகைய மோதல்களைத் தவிர்க்கலாம் என்று மரண விசாரணையின் யூரிமார் எழுதி வைத்தனர். சில ஆண்டுகளிலே ஆற்றுப் பொலிசாருக்கு நீராவிப் படகுகள் கிடைத்தன. 1887 முதல் கழிவுச் சேற்றைக் கப்பல்களில் ஏற்றிக் கடலிலே கொட்டினார்கள். 1998இலேதான் அவ்வழக்கம் நின்றது. நாற்றம் இன்னும் கிழக்கே போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பின்னர் அது மீண்டும் நிகழ்ந்தது. 1989 ஓகஸ்ட் 20ஆம் திகதி அதிகாலை, நகரின் நட்டநடுவே, பிறந்தநாள் விருந்தொன்றுக்காக அமர்த்தப்பட்ட ‘மார்ஷனெஸ்’ என்ற படகின் மீது ‘போபெல்’ என்ற மணல் அகழும் கப்பல் ஏறிற்று. 51 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளைஞர். இரு கலங்களிலும் ஓட்டுநரின் இடத்திலிருந்து முன்னும் பின்னும் சரிவரத் தெரியவில்லை. பார்வைக்கென ஆளைச் செவ்வனே நிறுத்தவும் இல்லை. இக்குறை போக்குவரத்துத் திணைக்களத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது. இறந்தோரின் குடும்பத்தினர் பகிரங்க விசாரணைக்காகப் பத்தாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. நீதியரசர் கிளார்க்கின் அறிக்கை 2001இல் வெளியானபோது, கப்பலோட்டியவர்களோடு நில்லாது, சொந்தக்காரர்களையும் திணைக்களத்தையும் குறை கூறியது. நாடுகடத்தப்பட்ட ஓடக்காரனின் காலத்திலிருந்து அவ்வளவு தூரம் வர ஏறத்தாழ இருநூற்றறுபது ஆண்டுகள் சென்றிருக்கின்றன.

2002 ஜனவரியிலே தேம்ஸ் நதியில் நான்கு உயிர்காப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் நகரின் நடுவே இருப்பது இன்று வாட்டர்லூ பாலத்தினருகே மிதக்கின்றது. அழைப்புக் கிடைத்துத் தொண்ணூறு விநாடிக்குள் படகு புறப்பட வேண்டும் என்பது அங்குள்ளோருக்கு இடப்பட்ட கட்டளை.